மெய்நிகர் உலகங்களின் மூலநிரல் யார் கையில் இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இணைய விளையாட்டுகள் குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பணம் வைத்து ஆடும் செயலிகளில் குடும்பங்களின் சேமிப்பு கரைந்ததையும், பிள்ளைகள் நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியோடு விழித்துக் கிடப்பதையும் கட்டுரையாளர் பொறுப்போடு எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் ரம்மிச் செயலி, துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, பல ஊர்க்காரர்கள் கூடி வீடும் தெருவும் கட்டி உலவும் மெய்நிகர் உலகம் ஆகிய மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மூன்றாவதை ஒற்றை வரியில் முடித்துவிட்டார். அந்த மூன்றாவது வகைக்குள் பதினெட்டு ஆண்டுகளாக நிரல் எழுதிக்கொண்டிருப்பவன் நான். அத்தகைய உலகம் ஒன்றைப் பற்றி யார் என்னிடம் பேச வந்தாலும், அதன் மூலநிரல், அதாவது அதை இயக்கும் மென்பொருளாக நிரலாளர்கள் எழுதிய வரிகள், யார் கையில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். அந்தக் கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன்னும் வைக்கவே இந்தக் கடிதம். நீளமாகிவிடும் என்பது தொடங்கும்போதே தெரிகிறது. இடம் கருதித் தாங்கள் சுருக்கினால் வருந்தமாட்டேன்.

பகலில் நான் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். 2007-ஆம் ஆண்டு, எங்கள் தெருவுக்கு அகலக்கற்றை இணைப்பு வந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவர் ‘செகண்ட் லைஃப்’ என்ற உலகத்தை எனக்குக் காட்டினார். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் மாதம் திறந்த அந்த உலகத்தில் மதிப்பெண் கிடையாது, எதிரி கிடையாது, ஆட்டம் முடிந்தது என்று ஒரு கட்டமும் கிடையாது. நிலம் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட சதுரங்களாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு சதுரத்தையும், சர்வர் எனப்படும் நிறுவனத்தின் மையக் கணினியில் ஓடும் தனி நிரல் ஒன்று தாங்கி நிற்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே பொழுது விடியும். ‘பிரிம்’ எனப்படும் கட்டை, உருளை, உருண்டை போன்ற வடிவங்களை நீட்டியும் முறுக்கியும் குடைந்தும், அங்கே வாழ்பவர்களே மரம் முதல் மாளிகை வரை அனைத்தையும் செய்துகொள்ள வேண்டும். செய்த பொருளுக்கு உயிர் கொடுக்க எல்.எஸ்.எல். என்றொரு சிறு நிரல்மொழி உண்டு. புதிய நிரல் ஒன்றைத் திறந்தால், “ஹலோ, அவதார்!” என்று சொல்லும் சில வரிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அவதாரம் என்ற நம் வீட்டுச் சொல்லை 1980-களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் உருவாக்கிய ‘ஹேபிடட்’ உலகம் எடுத்தாண்டது. அது ஊர் சுற்றி, ஆங்கில உச்சரிப்போடு என் திரையில் வந்து வணக்கம் சொன்னதைக் கண்டு அன்றிரவு சிரித்தது நினைவிருக்கிறது.

ஒரு நிரலுக்கு அங்கே அப்போது கிடைத்த நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. ஒரு தேரை வடம் பிடித்து இழுப்பதுபோல் நகர்த்துவதற்குள் அந்த 16 கிலோபைட்டும் தீர்ந்துவிடும். சக்கரத்துக்கு ஒரு நிரல், வடத்துக்கு ஒரு நிரல் எனப் பிரித்து, ஒன்றோடொன்று செய்தி அனுப்பிப் பேசவைப்பேன். 2008-இல் ‘மோனோ’ என்ற திறமூல (மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும்) மென்பொருளை, நிரல்களை ஓட்டும் இயக்கச் சூழலாக, லிண்டன் லேப் தன் சர்வர்களில் பொருத்திய பிறகு அந்த அளவு 64 கிலோபைட் ஆனது. யாரோ எங்கோ பொதுவில் எழுதிவைத்த நிரல், ஒரு தனியார் உலகத்தின் சுவரை அகலப்படுத்திக் கொடுத்ததை நான் கண்ணால் கண்டது அதுதான் முதல்முறை.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கள் கட்டுரையின் கவலை பெரிதும் அதைப் பற்றியதே. செகண்ட் லைஃபில் லிண்டன் டாலர் என்ற நாணயம் புழங்குகிறது. அதை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளவும் முடியும். தாங்கள் உருவாக்கிய பொருள்களின் அறிவுசார் உரிமை உருவாக்கியவருக்கே என்று 2003 நவம்பரில் அந்நிறுவனம் அறிவித்ததால், சட்டையும் நாற்காலியும் தைத்தும் செதுக்கியும் விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. சூதாட்டமும் கூடவே நுழைந்தது. 2007 ஜூலையில் லிண்டன் லேப் சூதாட்டத்தைத் தடைசெய்தது. அடுத்த மாதமே, மிகை வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை திரட்டியிருந்த ‘ஜின்கோ ஃபைனான்ஷியல்’ என்ற மெய்நிகர் வங்கி கைவிரித்தது. 2008 ஜனவரியில் உரிமம் இல்லாத வங்கிகள் அனைத்தும் அங்கே தடைசெய்யப்பட்டன. நிதி நிறுவனங்களின் பூட்டிய கதவுகளுக்கு முன் மக்கள் நின்றதைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் பண விளையாட்டு, மின்விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு என்று மூன்றாகப் பிரித்தே பேசுகிறது. முதலாவதைத் தடுத்து, மற்ற இரண்டையும் வளர்க்க வழி சொல்கிறது. சட்டமே செய்திருக்கும் இந்தப் பிரிவினையைப் பத்திரிகைகளும் செய்யலாம் என்பதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறு. அதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

செகண்ட் லைஃபில் நில வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே நானும் நான்கு நண்பர்களும் வேறொரு சிறு நிறுவனத்தின் மெய்நிகர் உலகத்தில், கட்டணமும் குறைவாக இருந்ததால், இடம் பிடித்தோம். நிறுவனத்தின் பெயர் இப்போது வேண்டாம். மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் உட்கார்ந்து அங்கே ஒரு தேரடித் தெருவைக் கட்டினோம். திண்ணை வைத்த வீடுகள், அல்வாக் கடை, ஓரத்தில் ஒரு பூவரச மரம், தெருமுனையில் நிலைக்கு வந்து நிற்கும் தேர். நண்பர் ஒருவர் தம் பாட்டியின் வீட்டு நிலைக்கதவைப் பழைய புகைப்படத்தைப் பார்த்தே ஆணி ஆணியாகச் செதுக்கினார். அந்த வீடு உண்மையில் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளிநாட்டில் இருந்த உறவினர்கள் ஆனி மாதத்தில் வந்து வடம் பிடித்தார்கள். பிறகு ஒருநாள், முப்பது நாளில் சேவை நிறுத்தப்படும் என்று மின்னஞ்சல் வந்தது. எங்கள் தெருவை ஒரு கோப்பாகவாவது தாருங்கள் என்று கேட்டோம். அப்படி வெளியே எடுக்கும் வசதியே தங்கள் மென்பொருளில் இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். கடைசி இரவு ஐந்து பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. எஞ்சியவை நாற்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள். சினிமாவைச் சொல்லவில்லை, திரையைப் பிடித்து வைத்த படங்கள்.

இதே காலத்தில் நான் தனியாக வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தேன். 2007 ஜனவரி 8-ஆம் நாள் லிண்டன் லேப், செகண்ட் லைஃபைப் பார்க்கப் பயன்படும் மென்பொருளின் மூலநிரலை ஜி.பி.எல். என்ற திறமூலப் பொது உரிமத்தில் வெளியிட்டிருந்தது. சர்வரின் நிரலை வெளியிடவில்லை, இன்றுவரை வெளியிடவில்லை. ஆனால் அதே ஜனவரியில் டேரன் கார்ட் என்ற நிரலாளர் தொடங்கிய ‘ஓப்பன்சிமுலேட்டர்’ திட்டம், பார்வை மென்பொருள் சர்வரிடம் என்னென்ன கேட்கிறது, எப்படிப் பதில் எதிர்பார்க்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, அந்தச் சர்வரைத் தன் சொந்த நிரலில் சீ ஷார்ப் மொழியில் புதிதாக எழுதத் தொடங்கியது. உரிமங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பார்வை மென்பொருளின் மூலநிரலைப் படித்தவர்கள் சர்வருக்கு நிரல் தரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சில ஆண்டுகள் அவர்கள் கடைப்பிடித்தார்கள். ஒருவர் வீட்டுச் சமையலை மோந்து பார்த்தே அதே குழம்பை வைக்கலாம், ஆனால் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது போன்ற நேர்மை அது. திறமூல உலகத்தில் திருட்டு மலிந்திருக்கும் என்று எண்ணுபவர்கள் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

2008 ஜூலையில் ஐ.பி.எம். நிறுவனமும் லிண்டன் லேபும் சேர்ந்து, செகண்ட் லைஃபின் சோதனைத் தளத்தில் நின்றிருந்த அவதாரங்களை ஓர் ஓப்பன்சிமுலேட்டர் சர்வருக்குத் தாவச் செய்து காட்டின. உடைமைகள் எதையும் உடன் எடுத்துச் செல்ல முடியவில்லை; ஆள் மட்டும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகப் பேராசிரியர் கிரிஸ்டா லோப்பெஸ் ‘ஹைப்பர்கிரிட்’ என்ற முறையை எழுதினார். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர் வேறு நிறுவனத்தின் முகவரிக்கு மடல் அனுப்புவதைப்போல, ஒருவர் வீட்டுக் கணினியில் ஓடும் உலகத்திலிருந்து இன்னொருவர் கல்லூரியில் ஓடும் உலகத்துக்கு நடந்து போக அது வழி செய்தது. மின்னஞ்சல் ஒரே நிறுவனத்தின் சொத்தாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

ஓப்பன்சிமுலேட்டரில் ஒரு நிலப்பகுதி முழுவதையும், மேடு பள்ளம், கட்டடம், நிரல், சுவரில் ஒட்டிய படம் உட்பட, ஓ.ஏ.ஆர். என்ற ஒற்றைக் கோப்பாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பில் மாயம் எதுவும் இல்லை. சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை, அதற்குள் பெரும்பாலும் எவரும் படிக்கத்தக்க எழுத்துக் கோப்புகள். நாளை ஓப்பன்சிமுலேட்டரே இல்லாமல் போனாலும், அந்த மூட்டையைப் பிரித்து, ஒரு தூண் எத்தனை மீட்டர் உயரம், எந்த இடத்தில் நின்றது என்று ஒரு நிரலாளர் கண்டுபிடித்துவிட முடியும். அந்த நாட்களில் நான் பழகுவதற்காகக் கட்டிய ஒரு சிறு குளமும் மண்டபமும், அதைவிட அழகாக ஐந்து பேர் மூன்று ஆண்டு உழைத்த தேரடித் தெருவுக்கு இல்லாத பாக்கியத்தோடு, இன்றும் என் பென் டிரைவில் இருக்கின்றன. சென்ற பொங்கல் விடுமுறையில் திறந்து பார்த்தேன். படிக்கட்டில் பாசிக்காக நான் ஒட்டிய பச்சை நிறம் கண்ணை உறுத்துகிறது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இது என் ஒருவனுடைய புலம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். செகண்ட் லைஃபிலேயே, கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அளித்துவந்த பாதிக் கட்டணச் சலுகையை நிறுத்தப்போவதாக 2010 அக்டோபரில் லிண்டன் லேப் அறிவித்தது. வளாகம் கட்டி வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பல்கலைக்கழகங்கள் திகைத்தன. பல ஓப்பன்சிமுலேட்டருக்குக் குடிபெயர்ந்தன. 2013-இல் சலுகை திரும்ப வந்தபோது போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. வாடகை வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவது அவர் உரிமை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடியிருப்பவருக்குத் தம் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போகவும், போய் இறங்க வேறொரு வீடு இருக்கவும் வேண்டும். அந்த வேறொரு வீட்டைக் கட்டிக் கொடுத்தது திறமூல மென்பொருள்.

உலகமே அணைக்கப்பட்ட பின் அதை மீட்டவர்களின் கதைகளும் உண்டு. சயான் நிறுவனத்தின் ‘ஊரு’ என்ற புதிர் உலகத்தின் இணையப் பகுதியை அதன் வெளியீட்டாளர் 2004 பிப்ரவரியில் கைவிட்டார். ரசிகர்கள் தாங்களே சர்வர் நடத்த சயான் அனுமதித்தது. பிறகு 2011-இல் அந்த உலகத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளின் மூலநிரலையே திறந்துவிட்டது. ‘ரைஸம்’ என்ற பிரெஞ்சு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய நெவ்ராக்ஸ் நிறுவனம் 2006-இல் நொடித்தபோது, அதை விலைக்கு வாங்கிப் பொதுவில் வைக்க ஆட்டக்காரர்கள் நிதி திரட்டினார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 60,000 டாலர் தர முன்வந்தது. ஏலத்தில் வேறொரு நிறுவனம் வென்றது. ஆயினும் அடுத்து வந்த உரிமையாளர் 2010 மே மாதத்தில் மூலநிரலையும் ஆயிரக்கணக்கான ஓவியங்களையும் முப்பரிமாண வடிவங்களையும் பொது உரிமத்தில் தாமாகவே வெளியிட்டார். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற இணைய விளையாட்டு 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது; ரசிகர்கள் மறைவாக நடத்திவந்த சர்வர் 2019-இல் வெளியே தெரியவந்தது; 2024 ஜனவரியில் உரிமையாளரான என்.சி.சாஃப்ட் நிறுவனமே ரசிகர்களின் ‘ஹோம்கமிங்’ குழுவுக்கு முறையான அனுமதி வழங்கியது. நான் மேலே சொன்ன ஹேபிடட்டின் மூலநிரலைக்கூட ஓக்லாந்தில் உள்ள ஓர் அருங்காட்சியகம் தேடியெடுத்து 2016-இல் வெளியிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டு உறங்கிய உலகத்தை ஆர்வலர்கள் மறுபடி எழுப்பினார்கள்.

ஐரோப்பாவில் இது இப்போது அரசியலாகவே ஆகியிருக்கிறது. 2014-இல் விற்கப்பட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. தனியாக ஆடவும் இணைய இணைப்பு கட்டாயம் என்று வடிவமைக்கப்பட்டிருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் இருந்த வட்டுகூட ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. அதையொட்டி ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். நிறுவனம் நிரந்தரமாகச் சர்வர் நடத்த வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. விலகும்போது வாங்கியவர் ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் அதில் கணிசமான உண்மை இருக்கிறது. ஐ.டி. சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டின் மூலநிரலை 1997 டிசம்பரில் வெளியிட்டபோது ஒலிப்பகுதியைத் தர முடியவில்லை. அது வேறொருவரிடம் உரிமம் பெற்று வாங்கிய நிரல். இன்றைய விளையாட்டு ஒன்றுக்குள் அப்படிப் பல இரவல் சரக்குகள் இருக்கும். 1999 டிசம்பரில் அதே நிறுவனம் ‘குவேக்’ மூலநிரலைத் திறந்தபோது, இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களிடையே ஏமாற்று ஆட்டம் பெருகியது. நிரலைப் படித்தவருக்குச் சுவரைத் தாண்டிப் பார்க்கவும் குறி தவறாமல் சுடவும் வழி தெரிந்துவிட்டது. செகண்ட் லைஃபில் 2006 நவம்பரில் ‘காப்பிபாட்’ என்ற கருவி, பிறர் வடித்த பொருளை அப்படியே நகலெடுத்ததால், கடைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடையடைத்தார்கள். அந்தக் கருவி, செகண்ட் லைஃபின் பார்வை மென்பொருளும் சர்வரும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறையை ஆராய்ந்த ஒரு திறமூலத் திட்டத்திலிருந்தே பிறந்தது. என் தொழிலில் உள்ள சிலர் திறமூலத்தைச் சர்வரோக நிவாரணி போலப் பேசுவது எனக்கு உடன்பாடானதன்று. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் சர்வர் நிரலை மூடி வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆட்டமே முடிந்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிய பிறகும் அதை மூடியே வைப்பதற்கு என்ன காரணம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பொருளில் தமிழனாக எனக்கு இன்னொரு தனி அக்கறை உண்டு. எங்கள் தேரடித் தெருவில் ஒரு பெயர்ப்பலகை வைக்க முயன்றோம். ‘தெரு’ என்ற இரண்டெழுத்துச் சொல்லைக் கணினி, தகரத்தை முதலிலும் ஒற்றைக்கொம்பை அடுத்தும், பிறகு ரகரத்தையும் உகரக் குறியையும் வைத்துச் சேமிக்கிறது. அதைத் திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கித் தகரத்துக்கு முன்னால் வைக்கவும், ரகரத்தையும் உகரக் குறியையும் இணைத்து ‘ரு’ என்ற புது வடிவமாக்கவும் வேண்டும். ‘கொ’ என்றால் இன்னும் சிக்கல்: ஒரே குறி இரண்டாகப் பிளந்து கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்க வேண்டும். இந்த ஒழுங்கமைப்பைச் செய்யும் நிரல்பகுதி அந்த உலகத்தில் இல்லை. கொம்பு பின்னால் விழுந்து, உகரம் தனியே தொங்கி, எங்கள் தெருவின் பெயர் விபத்தில் சிக்கிய வண்டி போலக் கிடந்தது. நிறுவனத்துக்கு எழுதினோம், பட்டியலில் சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது, உலகம் அணையும் நாள்வரை பட்டியலிலேயே இருந்தது. கடைசியில் பலகையை ஒரு படமாக வரைந்து ஒட்டினோம்.

அதே சிக்கலைத் திறமூலம் தீர்த்த விதத்தைப் பாருங்கள். ‘ஹார்ஃப்பஸ்’ என்ற எழுத்தமைப்பு நிரல்தொகுப்பை ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் முன்னின்று வளர்த்தார். பெயரும் பாரசீகச் சொற்களிலிருந்து வந்ததே. தம் மொழியின் ஒட்டி எழுதும் எழுத்துகளுக்காக ஒருவர் பட்ட பாட்டினால், நம் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் லிப்ரெ ஆஃபிஸிலும் தமிழ் எழுத்துகள் இடம் மாறாமல் நிற்கின்றன. அர்ஜென்டினாவில் பிறந்து 2014-இல் பொதுவில் திறக்கப்பட்ட ‘கோடோ’ என்ற விளையாட்டு இயந்திரம் (விளையாட்டுகளை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருள்), 2023 மார்ச் மாதம் வெளியிட்ட நான்காம் பதிப்பில் இந்த ஹார்ஃப்பஸை உள்ளே இணைத்துக்கொண்டது. அன்று முதல் அதில் ‘தெரு’ என்று எழுதினால் தெருவாகவே தெரிகிறது. எங்களை யாரும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அதே 2023 செப்டம்பரில், இத்துறையில் பெரிதும் பயன்படும் யூனிட்டி இயந்திரத்தின் நிறுவனம், விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. அந்த ஓராண்டில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த மாணவர்கள் அனைவரையும் கோடோவின் பக்கம் அனுப்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முப்பரிமாண வடிவமைப்புக்கு ‘பிளெண்டர்’ இருக்கிறது. அதை வைத்திருந்த டச்சு நிறுவனம் மூடப்பட்ட பின், 2002-இல் பயனாளர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து மூலநிரலை விடுவித்துக்கொண்டார்கள்.

பெற்றோருக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. என் மகளுக்குக் கட்டை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு வேண்டும் என்றாள். பின்லாந்தைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் 2010-இல் ‘மைன்டெஸ்ட்’ என்ற பெயரில் தொடங்கி, 2024-இல் ‘லுவான்டி’ என்று பெயர் மாற்றப்பட்ட திறமூலத் தளத்தை, வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய மடிக்கணினியில் சர்வராக நிறுவினேன். அவளும் என் அண்ணன் பிள்ளைகள் இருவரும் வீட்டு வைஃபையிலேயே கூடி ஆடுகிறார்கள். வெளி இணையம் தேவையில்லை, விளம்பரம் இல்லை, வைரம் வாங்கு, பெட்டியைத் திற என்று கை நீட்டும் கடை இல்லை, முகம் தெரியாதவர் உள்ளே வர வழியில்லை. இரவு ஒன்பதரைக்குச் சர்வரை அணைப்பவள் என் மனைவி. அந்த அதிகாரம் வேறு எந்த நிறுவனத்திடமும் இல்லை. மகள் இப்போது ‘லுவா’ மொழியில் நாலைந்து வரி எழுதி, பனைமரத்தைத் தொட்டால் நுங்கு விழும்படி செய்திருக்கிறாள். நுங்கு ஏன் மேல்நோக்கிப் பறக்கிறது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் காரணத்தைச் சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு இணையர் ஒருவரின் திருமண வரவேற்பு மெட்டாவெர்ஸ் எனப்படும் மெய்நிகர் உலகத்தில் நடந்ததையும், மணமகளின் மறைந்த தந்தை அவதாரமாக வந்து வாழ்த்தியதையும் நாளிதழ்கள் பெரிதாக வெளியிட்டன. படித்து நானும் நெகிழ்ந்தேன். கூடவே, அந்த மண்டபமும் அந்தத் தந்தையின் உருவமும் எந்தச் சர்வரில் இருக்கின்றன, குடும்பத்தார் கையில் ஒரு கோப்பு இருக்கிறதா என்ற கேள்வியும் எழுந்தது. ஒரு குடும்பத்துக்கு எழும் இதே கேள்வி, அரசுக்கு இன்னும் பெரிதாக எழ வேண்டும். கோயில்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் முப்பரிமாண உலா அமைக்கும் வேலைகள் இப்போது ஆர்வத்தோடு பேசப்படுகின்றன. பள்ளிகளில் மெய்நிகர் வகுப்பறை என்ற பேச்சும் அடிபடுகிறது. பொதுப் பணத்தில் இவற்றை அமைக்கும்போது, ஒப்பந்தத்திலேயே மூன்று செய்திகளை எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: வடிவங்களைத் தனியொரு நிறுவனத்தின் மென்பொருளால் மட்டும் திறக்க முடியாத, பொதுவான கோப்பு வகையில் ஒப்படைக்க வேண்டும், சர்வர் உட்பட மூலநிரல் முழுவதும் திறமூல உரிமத்தில் அரசிடம் வர வேண்டும், ஒப்பந்தக்காரரின் உதவியில்லாமல் வேறொருவர் அந்தச் சர்வரை நிறுவி ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணை வழங்கப்பட வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் காகிதத்தில் தூங்கும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்தது.

இப்படிப் பெறப்படும் நிரல்களையும், தமிழ் விளையாட்டுகளைச் செய்த தனியார் தாமாகக் கொடுக்க முன்வரும் நிரல்களையும் பெற்றுப் பாதுகாக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொருத்தமான இடம். நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் அந்நிறுவனத்தின் நூலகத்தில், ஓடும் நிலையில் உள்ள மென்பொருளுக்கும் ஓர் அடுக்கு ஒதுக்கப்பட்டால் போதும். தங்கள் நாளிதழ் இதைக் குறித்து அக்கழகத்திடமும் தகவல் தொழில்நுட்பத் துறையிடமும் ஒரு கேள்வி கேட்டு, கிடைக்கும் பதிலை வெளியிட வேண்டுகிறேன். என் பங்காக, பென் டிரைவில் உள்ள குளத்தையும் மண்டபத்தையும் எவர் கேட்டாலும் பொது உரிமத்தில் அளிக்க ஆயத்தமாக இருக்கிறேன். பாசியின் நிறத்தை மட்டும் யாராவது மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மென்பொருள் நிரலாளர்,
திருநெல்வேலி.